நூலக வரி: ஓர் அமானிதத்தின் வரலாறு

புதுப்பட்டினத்தில் வீடு வைத்திருப்போர் ஆண்டுக்கொரு முறை ஊராட்சிக்கு வீட்டு வரி செலுத்தி இரசீது பெறுகின்றனர். அவ்விரசீதில் வீட்டு வரியை அடுத்து 'நூலக வரி' என்றொரு கட்டம் உண்டு. வீட்டு வரி 300 ரூபாய் எனில் அக்கட்டத்தில் 30 ரூபாய் எழுதப்பட்டிருக்கும். ரூபாய்க்குப் பத்துக் காசு என்பது கணக்கு. குடிநீர் வரவில்லையெனில் ஊராட்சியில் கேட்கிறோம். தெருவிளக்கு எரியவில்லையெனில் கேட்கிறோம். இந்த முப்பது ரூபாய் எங்கே சென்றது, என்னவாயிற்று என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம். பிறரைச் சொல்வானேன்? நாமும் பல ஆண்டுகளாக அந்த இரசீதை மடித்து, ஓதிக்கொண்டிருக்கும் கிதாபினுள் அடையாளத்திற்கு வைப்பதோடு சரி.

இக்கட்டத்தை உற்று நோக்கும்படி செய்தவர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். ஆலிம் பட்டம் பெற்றபின் தொலைநிலைக் கல்வியில் வரலாற்று முதுகலை பயின்ற அவர், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் நடத்திய வணிகம் பற்றியும், இக்கடற்கரையின் முஸ்லிம் குடியிருப்புகள் பற்றியும் ஒரு சிறு ஆய்வு எழுத விரும்பினார். டச்சுக் கோட்டையோ நமக்கு அடுத்தாற்போல் நிற்கிறது. அதனைப் பற்றிய நூல்களைத் தேடி அவர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்து எழும்பூருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மூன்று முறை சென்று வந்தார். நான்காம் முறை செல்லவில்லை. "ஹஜ்ரத், கோட்டை இங்கே இருக்கிறது. அதைப் பற்றிய புத்தகம் மட்டும் ஏன் அங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை. விடை தேடப் புகுந்தபோதுதான் இந்த வரியின் வரலாறும், அவ்வரலாற்றில் நம் சமுதாயப் பெருமகன் ஒருவருக்கு இருந்த பங்கும் நமக்குத் தெரியலாயின.

நூலகம் எதனால் வாழ்கிறது?

இஸ்லாமிய உலகின் நூலகங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நூல்களின் எண்ணிக்கையிலேயே மயங்கிவிடுகின்றனர். பக்தாதின் பைத்துல் ஹிக்மா, குர்துபாவின் அரண்மனை நூலகம் என்று தொடங்கி இலட்சங்களை அடுக்குவது மேடை வழக்கமாகிவிட்டது. அவ்வெண்ணிக்கைகளில் மிகையும் கலந்துள்ளது என்பதை ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். நம் நோக்கில் அந்த இலட்சங்களைக் காட்டிலும் பயனுள்ளது ஒரு சிறிய செலவுக் கணக்கு ஆகும்.

கெய்ரோவில் ஃபாத்திமிய்ய ஆட்சியாளர் அல்ஹாக்கிம் ஹிஜ்ரி 395-இல், அதாவது கி.பி. 1005-இல், தாருல் இல்ம் என்னும் அறிவகத்தை நிறுவினார். விரும்பியோர் உள்ளே சென்று படிக்கலாம், படியெடுக்கலாம். ஹிஜ்ரி 845-இல் (கி.பி. 1442) மறைந்த எகிப்திய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ, இவ்வறிவகத்திற்கு ஒதுக்கப்பட்ட ஆண்டுச் செலவை இனம் இனமாகப் பதிவு செய்திருக்கிறார். நூல்களைப் படியெடுப்போர்க்கான காகிதத்திற்கு 90 தீனார். நூலகருக்கு 48 தீனார். பணியாளருக்கு 15 தீனார். குடிநீருக்கு 12 தீனார். படிக்க வருவோர்க்குக் காகிதம், மை, எழுதுகோல் வழங்க 12 தீனார். கிழிந்த நூல்களைச் செப்பனிட 12 தீனார். குளிர்காலக் கம்பள விரிப்புக்கும் தொகை உண்டு. வாயில் திரைச்சீலை பழுதுபட்டால் தைப்பதற்கு ஒரு தீனார்.

அந்த ஒரு தீனாரில்தான் நம் மனம் நின்றுவிட்டது. மாளிகையைக் கட்டியவர் எவரும் தம் பெயரை நுழைவாயிலில் பொறிப்பர். திரைச்சீலை கிழியும் என்று முன்கூட்டியே எண்ணி அதற்கொரு காசை ஒதுக்குவோர் அரியர். நூலகம் என்பது கட்டித் திறந்துவிட்டு மறந்துவிடும் பொருளன்று. படிப்பவனுக்குத் தண்ணீர் வேண்டும். நூலகருக்கு ஊதியம் வேண்டும். கிழிந்த ஏடு ஒட்டப்பட வேண்டும். இவை ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். இதனால்தான் வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் இத்தகைய செலவுகளுக்கு எழுதி வைக்கப்பட்டது.

இவ்வேற்பாடு தவறிய இடத்தில் நேர்வது யாதென்பதையும் அதே மக்ரீஸீயின் ஏடுகளிலேயே காண்கிறோம். ஹிஜ்ரி 461-இல் (கி.பி. 1068) கெய்ரோ அரண்மனையின் கருவூலம் வறண்டு கிடந்தது. படையினர்க்கும் அதிகாரிகளுக்கும் ஊதியம் நிலுவையாயிற்று. நிலுவைக்கு ஈடாக அமைச்சர் ஒருவர் அரண்மனை நூலகத்திலிருந்து 25 ஒட்டகச் சுமை நூல்களைத் தம் இல்லத்திற்கு ஏற்றிச் சென்றார். எஞ்சியவற்றுள் பலவும் சூறையாடப்பட்டன. அழகிய தோலட்டைகள் பிரிக்கப்பட்டு அடிமைகளின் காலணிகளாயின. எறியப்பட்ட தாள்களின்மேல் மணல் ஏறி மேடிட்டு, அவ்விடம் நூல் மேடுகள் என்றே வழங்கலாயிற்று. இது புறப்பகைவர் வைத்த தீயன்று. ஊதிய நிலுவை செய்த வேலை. மங்கோலியர் பக்தாதில் செய்த அழிவைப் பேசும் நாம் இதனைப் பேசுவதில்லை.

நல்ல ஏற்பாடு நிலவிய இடத்தின் தோற்றத்தையும் காட்டுவது முறையாகும். புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ, தாத்தாரியரின் படையெடுப்புக்குச் சற்று முன்பு மர்வு நகரில் மூன்றாண்டுகள் தங்கியிருந்தார். அந்நகரில் வக்ஃபாக விடப்பட்ட நூலகங்கள் பத்து இருந்தன என்றும், அவற்றுள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன என்றும் எழுதுகிறார். தம் இருப்பிடத்தில் எந்நேரமும் இருநூறு நூல்கள் வரை இரவலாக இருக்கும் என்றும், பெரும்பாலானவற்றிற்கு ஈட்டுத் தொகை கேட்கப்படவில்லை என்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார். அவர் அவ்வூரார் அல்லர். விடுதலை பெற்ற ஓர் அடிமை. நூல் விற்றுப் பிழைத்தவர். அவருடைய புகழ்பெற்ற புவியியல் அகராதி இத்தகைய இரவல் நூல்களின்மேல் எழுந்த கட்டடமாகும்.

வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை நிர்வகிப்பவர் தம் விருப்பிற்கு மாற்றலாகாது என்பது ஃபிக்ஹு நூலாரின் முடிவு. நூலகத்திற்கென எழுதப்பட்ட தோப்பின் வருவாயைக் கொண்டு முத்தவல்லி மதில் எழுப்ப முடியாது. மதிலும் பொதுநன்மைக்கே என்று அவர் வாதிட்டாலும் ஏற்கப்படாது. இதனை நினைவில் நிறுத்திக்கொண்டு நம் காலத்திற்கு வருவோம்.

அரைப் பென்னியிலிருந்து அரையணா வரை

நம் ஊராட்சி இரசீதிலுள்ள அந்தக் கட்டத்தின் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றம் 1850-இல் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. நகராட்சிகள் சொத்து வரியின் மீது பவுனுக்கு அரைப் பென்னி வீதம் நூலகத்திற்காகத் தண்டலாம் என்று அச்சட்டம் இசைவளித்தது. வியப்பு என்னவெனில், அப்பணத்தால் கட்டடம் எழுப்பலாம், ஆள் அமர்த்தலாம். நூல் மட்டும் வாங்கலாகாது! நூல்களை வள்ளல்கள் கொடுத்துவிடுவார்கள் என்று எண்ணினர் போலும். ஐந்தாண்டுகளில் தவறு புரிந்தது. 1855-இல் வீதம் ஒரு பென்னியாக உயர்ந்தது. நூல் வாங்கவும் வழி பிறந்தது.

இந்தப் பென்னி வரியில் வளர்ந்த நூலகங்களை நேரில் கண்டு திரும்பியவர், சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் ஆவார். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே அவரை மிகவும் ஈர்த்தது குரோய்டன் நகரின் பொது நூலகம். தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுவனும் தம் வீட்டு நூலகத்திற்குள் நுழைவதுபோல் உரிமையோடு நுழைவதை அவர் அங்கே கண்டார். அவ்வுரிமைக்கு அடிப்படை அவர்கள் செலுத்திய வரியே என்பதை உணர்ந்தார். தாயகம் திரும்பியபின் அவர் முன்னின்று உழைத்த சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தோன்றியது; அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் 1931-இல் நூலாயின. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் அனுப்பத் தொடங்கினார். அரங்கநாதன் இவற்றோடு அமையவில்லை. தனி மனிதர் ஈகையால் வண்டி ஓடலாம்; அவர் காலத்திற்குப் பின் அது நிற்கும். ஆகவே சட்டம் வேண்டும் என்று கருதி, 1930-இல் பனாரஸில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அதன் உயிர்நாடி நூலக வரியே.

மாநாட்டில் வரைவை வாசிப்பது எளிது. அதனை ஏந்திச் சட்டமன்றத்தில் எழுந்து நிற்க ஒருவர் வேண்டுமே! சென்னை மாகாணத்தில் அவ்வாறு எழுந்து நின்றவர் ஜனாப் பஷீர் அஹ்மத் சயீத். அரங்கநாதனின் வரைவைத் தழுவிய நூலக மசோதாவைத் தனி உறுப்பினராக 1933-இல் அவர் கொண்டுவந்தார். பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகத் திகழ்ந்தவரும், 1955-இல் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியைத் தோற்றுவித்தவரும் இவரே. அக்கல்லூரியின் பெயரால் இவரை அறிந்தோர் பல்லாயிரவர்; நூலக மசோதாவால் அறிந்தோர் மிகச் சிலர். நம் சமுதாய ஏடுகளில்கூட இச்செய்தி இடம்பெற்று நாம் படித்ததில்லை. மசோதாவின் பயன் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று; ஒரு சமுதாயத்தின் சலுகையாகவும் அது கோரப்படவில்லை. மாகாணத்தின் எல்லாச் சிற்றூர்களுக்கும் எல்லார் வரியிலும் எல்லார்க்கும் உரிய நூலகம் என்பதே அதன் கருத்து. நம் பெருமக்களின் தொண்டுகளைத் தொகுக்கும்போது நமக்கென அவர்கள் செய்தவற்றை மட்டும் தொகுத்து, ஊருக்கென அவர்கள் செய்தவற்றை விட்டுவிடும் பழக்கத்தின் விளைவு இது என்று கருதுகிறோம்.

அம்மசோதா அன்று சட்டமாகவில்லை. புதிய வரி என்றால் ஆங்கில ஆட்சிக்கு அச்சம். நிலம், வீடு உடையோர்க்குக் கசப்பு. (அதே 1933-இல் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் கே.எம். செல்லப்பா தம் இல்லத்திலேயே ஒரு சிறு நூலகத்தைத் தொடங்கினார் என்பதை இங்கே குறிக்கலாம். அது பின்னர் நகர சபையின் பொறுப்பிற்கு வந்து, அரங்கநாதனின் அறிவுரையோடு எழுந்த கட்டடத்தில் 1959-இல் பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. 1981-இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உள்ளாட்சி ஒன்று தன் நூலகத்தை எவ்வளவு உயரத்திற்கு வளர்க்க முடியும் என்பதற்கு அது சான்றாக இருந்தது.)

சென்னையில் கனவு நிறைவேற மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோலாப்பூர் சமஸ்தானம் 1945-இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது எனினும், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் சென்னையினுடையதே. எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இச்சட்டத்தின்கீழ் மாநில மைய நூலகமாயிற்று. வீட்டு வரி அல்லது சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை, அதாவது அரையணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. அது பின்னர் 5 காசாகி, அதன்பின் 10 காசாயிற்று. மகாராஷ்டிரமும் மேற்கு வங்கமும் பிற்காலத்தில் நூலகச் சட்டங்களை இயற்றியபோது வரியை விதிக்கவில்லை. அரசு தரும் மானியத்தையே நம்பின. தமிழகம் தன் நூலகத்திற்குத் தனிக் காசை ஒதுக்கி வைத்த மாநிலம். அந்த அளவில் தாருல் இல்மின் கணக்கெழுதியோர்க்கு நாம் உறவினர்.

காசு செல்லும் வழி

இவ்வரியை ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் தண்டுகின்றன. ஆனால் அது அவற்றின் வருவாயன்று. தண்டிய தொகையை அவை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்க வேண்டும். ஆணைக்குழு அந்நிதியைக் கொண்டு மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் ஆகியவற்றை நடத்த வேண்டும். சென்னை நகர் நீங்கலாக ஏனைய மாவட்டங்களில் தண்டப்பட்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகத் தர வேண்டும் என்று சட்டம் வகுத்தது. இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளாட்சி ஒரு ரூபாயைச் சேர்ப்பிக்கத் தவறினால், சட்டத்தின் கணக்கின்படி நூலகம் இழப்பது ஒரு ரூபாயன்று, இரண்டு.

நடைமுறை எவ்வாறு இருக்கிறது? தண்டிய நூலக வரியை உரிய காலத்தில் செலுத்தாமல் உள்ளாட்சி அமைப்புகள் பல நிலுவை வைத்துள்ளன என்னும் செய்தி பல்லாண்டுகளாக நாளேடுகளில் வந்துகொண்டேயிருக்கிறது. மாநகராட்சிகளும் இதற்கு விலக்கல்ல. தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் பணமில்லாதபோது கையிலிருக்கும் நூலகக் காசில் கை வைப்பது அவற்றுக்கு எளிதாக இருக்கிறது. இங்கே நேர்மையாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உள்ளாட்சிகளின் நெருக்கடி பொய்யன்று. சிற்றூர்களின் வீட்டு வரி மிகக் குறைவு. அதில் பத்தில் ஒரு பங்கு அதனினும் குறைவு. நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்றிய அரசின் உடைமைகளின் மீது உள்ளாட்சிகள் வரி விதிக்க அரசியல் சாசனத்தின் 285-ஆம் பிரிவு இடந்தருவதில்லை. கல்பாக்கம் போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்களை அடுத்து வாழும் ஊர்களுக்கு இது பொருட்படுத்தத் தக்க செய்தி. வரி இல்லாத இடத்தில் நூலக வரியும் இல்லை.

இருப்பினும் நெருக்கடி என்பது வேறு, உரிமை என்பது வேறு. வக்ஃபுக்கும் வரிக்கும் வேறுபாடு உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. முன்னது விரும்பித் தந்தது. பின்னது சட்டத்தால் பெறப்பட்டது. ஆனால் இரண்டும் ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்கென்று பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டவை. முத்தவல்லி தோப்பு வருவாயில் மதில் கட்டலாகாது என்றால், நூலகம் என்று இரசீதில் எழுதிப் பெற்ற காசில் தெருவிளக்கும் எரியலாகாது. இது அமானிதம். இரசீது எழுதித் தருபவர் அதன் காவலர், உரிமையாளர் அல்லர்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழகத்தின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஐந்தாண்டுகளுக்குள் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை சிற்றூர்களில் நூலகம் என்பது பெருஞ்செயல், ஐயமில்லை. ஆனால் இவை நூலகத் துறையைச் சேர்ந்தவையல்ல. ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. நாம் செலுத்தும் நூலக வரி மாவட்ட ஆணைக்குழுவிற்குரியது. அது இக்கட்டடங்களுக்கு வருவதில்லை. மக்களுள் பெரும்பாலோர் இரண்டும் ஒன்றென்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். கட்டடமும் அலமாரியும் முதல் தவணை நூல்களும் வந்தன. ஆண்டுதோறும் புது நூல் வாங்கவும், நாளிதழ் போடவும், நூலகருக்கு மதிப்பான ஊதியம் தரவும் நிலையான நிதி வரவில்லை. சிறு மதிப்பூதியத்தில் அமர்த்தப்பட்டோர் வேறு வேலை தேடிச் சென்றனர். பல ஊர்களில் பூட்டு தொங்கியது. சில ஊர்களில் கட்டடம் வேறு பொருள்களின் கிடங்காயிற்று. அண்மைக் காலத்தில் இவற்றுள் பலவற்றைப் புதுப்பிக்கும் பணி நடைபெற்று வருவது ஆறுதல் தருகிறது. சுவருக்கு வண்ணம் பூசுவதோடு அப்பணி முடிந்துவிடலாகாது. திரைச்சீலைக்கான ஒரு தீனார் எங்கே என்று நாம் கேட்பது இதனால்தான்.

இதே ஆண்டுகளில் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் (2010), மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் (2023) எனப் பெருநூலகங்கள் எழுந்தன. அவற்றைக் கண்டு மகிழாதவர் இலர். எனினும் புதுப்பட்டினத்தின் பத்து வயதுச் சிறுமி கோட்டூர்புரத்திற்குத் தனியே செல்ல மாட்டாள். அவளுக்கு நடந்து செல்லும் தொலைவில் ஓர் அறை வேண்டும். அவ்வறை அவள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும்.

கிணற்றில் சேர்ந்த கிதாபுகள்

சில ஆண்டுகளுக்கு முன், இக்கடற்கரை ஊர் ஒன்றில் முதிய ஆலிம் ஒருவர் வஃபாத்தானார். அவர் வீட்டுப் பரணில் மூன்று தலைமுறைக் கிதாபுகள் இருந்தன. அறபுப் பாடநூல்களோடு, தமிழை அறபு எழுத்தில் எழுதிய அறபுத் தமிழ் ஏடுகளும், கைப்பிரதிகளும் இருந்ததாகக் கேள்வியுற்று நாம் சென்றோம். நாற்பது நாள் தாமதித்துவிட்டோம். பேரப்பிள்ளைகள் வீட்டைப் புதுப்பிக்கப் பரணைப் பிரித்திருந்தனர். அவர்களுள் எவருக்கும் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது. கரையான் அரித்தவை போக எஞ்சியவற்றை, திருவசனங்கள் இருக்கலாம் என்னும் அச்சத்தால், வழக்கப்படி மரியாதையுடன் பாழ்ங்கிணற்றில் சேர்த்துவிட்டனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. "வேறு யாரிடம் கொடுப்பது, ஹஜ்ரத்?" என்று அவர்கள் கேட்டனர்.

அக்கேள்விக்கும் நம்மிடம் விடை இல்லை. ஊரில் ஒரு பூட்டிய அலமாரியும், அதனைத் திறந்து மூட ஊதியம் பெறும் ஒருவரும் இருந்திருந்தால் அவ்வேடுகள் இன்று இருந்திருக்கும். இக்கடற்கரையின் குடியிருப்புகளைப் பற்றி எழுத விரும்பிய நம் மாணவர் எழும்பூரில் தேடியவற்றுள் ஏதேனும் ஒன்று அப்பரணில் இருந்ததோ என்னவோ! பொது நூலகம் என்பது அச்சிட்ட நூல்களை வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்கும் இடம் மட்டுமன்று. ஊரில் உள்ளதை ஊருக்காகக் காத்து வைக்கும் இடமும் அதுவே.

நம் மஹல்லாக்களின் நிலையையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. பள்ளிவாசல்தோறும் மத்ரசாதோறும் கண்ணாடி அலமாரிகள் இருக்கின்றன; அவற்றின் சாவி எவரிடம் என்பது பலருக்குத் தெரியாது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முஸ்லிம்களுக்கெனப் பொது நூலகம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தோன்றியது. அக்காலத்தில் அது முன்னோடி முயற்சி. அதன் பின்வந்த நாம் நுழைவு வளைவுகளுக்கும் மினாராக்களுக்கும் மனமுவந்து தரும் நன்கொடையில், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒரு நூலகத்திற்கு ஒதுக்கியிருந்தால் நிலைமை மாறியிருக்கும். அரசு நூலகங்களில் ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரும் திட்டம் உண்டு. ஜமாஅத்தார் எத்தனை பேர் சேர்ந்துள்ளோம்? உள்ளாட்சியைக் கேட்கும் முன் இந்தக் கேள்வியும் நம் நெஞ்சில் எழுந்தது. ஆனால் நம் குறை உள்ளாட்சியின் கடமையை நீக்கிவிடாது.

கைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். ஓரளவு உண்மைதான். டச்சுக்காரரைப் பற்றிய பழைய நூல்கள் சில இன்று இணையத்தில் கிடைக்கின்றன. நம் மாணவர்க்குப் பின்னர் அவ்வழியில் உதவியும் கிட்டியது. ஆயினும் இரண்டு அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், தொலைக்காட்சி ஒலிக்கும் கூடத்தில், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்குக் கைபேசி மேசையையும் நாற்காலியையும் அமைதியையும் தருவதில்லை. மீனவர் குப்பங்களிலும் நம் தெருக்களிலும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற பெண்கள் பலர் இருக்கின்றனர். செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ செல்ல வீட்டார் இசைவதில்லை; ஊருக்குள் இருக்கும் நூலகத்திற்குச் செல்ல எவரும் தடை சொல்வதில்லை. பகலெல்லாம் கடையிலும் கட்டட வேலையிலும் இருப்போர்க்கு மாலைக்குப் பின்னரே ஓய்வு. காலையில் சில மணி நேரம் திறந்து அடைக்கும் பகுதி நேர நூலகத்தால் அவர்களுக்குப் பயனில்லை. ஆகவே நிதி என்று நாம் கேட்பது கட்டடத்திற்கு மட்டுமன்று. மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக விளக்கெரியவும், அங்கே அமர்ந்திருப்பவருக்கு ஊதியம் கிடைக்கவும் வேண்டிய நிதியையே முதலில் கேட்கிறோம்.

நம் ஊராட்சி நூலக வரியைச் செலுத்தியிருக்கிறதா, நிலுவை வைத்திருக்கிறதா என்பது குறித்து நாம் எக்குற்றச்சாட்டும் சொல்லவில்லை. கேட்டதே இல்லாதவர் குற்றம் சாட்டுவது முறையன்று. கேட்பதற்கு வழிகள் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாள்களிலும், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. ஓராண்டில் தண்டிய நூலக வரி எவ்வளவு, மாவட்ட ஆணைக்குழுவிற்குச் செலுத்தியது எவ்வளவு என்னும் இரண்டு எண்களை அலுவலக அறிவிப்புப் பலகையில் எழுதும்படி கேட்பதற்குப் போராட்டம் தேவையில்லை. ஊராட்சி நூலகத்தின் மின்கட்டணத்தையும் நூலகர் மதிப்பூதியத்தையும் ஊராட்சியின் பொது நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கும்படி ஒரு தீர்மானம் கோரலாம். மீனவரும், விவசாயியும், ஜமாஅத்தாரும், பிற சமுதாயத்தாரும் இணைந்து கையெழுத்திடக்கூடிய கோரிக்கை இதனைப் போல் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இக்கட்டுரையை எழுதும் பொருட்டு நம் வீட்டுக் கிதாபுகளைப் புரட்டி, அடையாளத்திற்கு வைத்த இரசீதுகளைத் தேடி எடுத்தோம். பதினொன்று கிடைத்தன, ஒன்றைப் பூச்சி அரித்திருந்தாலும் எண்கள் தெளிவாகவே இருந்தன. நூலக வரிக் கட்டங்களை மட்டும் கூட்டினோம்: 264 ரூபாய். எதிர்வரும் மே நாள் கிராம சபைக்கு அவற்றை ஒரு உறையிலிட்டு எடுத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அந்த மாணவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் ஏழு இரசீதுகள் இருக்கின்றனவாம்.